தொட்டிக்குளத்தின் ஓரத்தில் மணச்செடிகள்

கேள்வி: ஐயா, நாங்கள் மதுரை திருநகரில் குடியிருக்கிறோம். வீட்டின் பின்புறம் 10 அடி நீளம், 6 அடி அகலம், இரண்டரை அடி ஆழத்தில் ஒரு சிமெண்டுக் குளத்தைப் போன ஆண்டு கட்டினோம். அல்லியும் கப்பி மீன்களும் அதில் நன்றாக இருக்கின்றன. குளத்தைச் சுற்றி மணம் தரும் செடிகள் வேண்டும் என்ற ஆசையில் புதினா, துளசி, மரிக்கொழுந்து ஆகியவற்றைச் சுவரை ஒட்டி வெளிப்பக்கம் நட்டேன். புதினா சித்திரை வெயிலில் கருகிவிட்டது. பயந்துபோய்த் தண்ணீரைக் கூட்டினேன். துளசியும் மரிக்கொழுந்தும் அழுகிவிட்டன. நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய வசம்பை ஒரு தொட்டியில் புதைத்துத் தண்ணீருக்குள் வைத்தேன், முளைக்கவே இல்லை. குளத்தோரத்தில் எந்த மணச்செடிகளை எப்படி வளர்ப்பது? அவை இருந்தால் கொசுவும் பாம்பும் வராது என்கிறார்களே, அது உண்மையா? மூன்று வயதுப் பேரன் அடிக்கடி வந்துபோவான் என்பதையும் மனத்தில் வைத்துச் சொல்லுங்கள்.

பதில்: அன்புள்ள அம்மா அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் செடிகள் போனதற்கு உங்கள் கைராசியைக் குறை சொல்ல வேண்டாம். குளத்துக்கு அருகில் இருக்கும் மண் ஈரமாகத்தான் இருக்கும் என்று நம்பி நட்டிருக்கிறீர்கள். மண்கரை உள்ள ஊருணிக்கும் கண்மாய்க்கும் அந்த நம்பிக்கை பொருந்தும். சிமெண்டுக் குளத்துக்குப் பொருந்தாது. வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்துக்குப் போகும்போது இதைக் கண்ணால் பார்க்கலாம். 1645-இல் திருமலை நாயக்கர் வெட்டுவித்த அந்தக் குளம் நிறைந்து கிடக்கும் நாளிலும் கருங்கல் சுவருக்கு வெளியே இருக்கும் தரை காய்ந்துதான் இருக்கும். மண்கரை உள்ள ஒரு கண்மாயின் உட்சரிவிலோ நீர் மண்ணுக்குள் ஊறி மேலேறுவதால், நீர்மட்டத்துக்கு ஒரு முழம் மேலேகூடப் பச்சை பிடித்திருக்கும். உங்கள் குளம் அளவில் சிறியதானாலும் அமைப்பில் தெப்பக்குளத்தைச் சேர்ந்தது. நீர் கசியாமல் இருக்கத்தான் சிமெண்டு பூசினோம் என்றால், சுவருக்கு ஓர் அங்குலம் வெளியே நிற்கும் புதினாவுக்கு அந்த நீரில் ஒரு சொட்டும் கிடைக்காது. போதாக்குறைக்கு வெயிலில் சூடேறிய சிமெண்டுச் சுவர் அதன் வேரையும் சேர்த்து வாட்டும்.

ஆகவே ஈரமான கரையைக் குளத்துக்கு உள்ளேதான் நாம் அமைத்துக்கொள்ள வேண்டும். கட்டும்போதே உட்சுவரில் ஒரு படி விட்டிருந்தால் வேலை சுலபமாக முடிந்திருக்கும். இப்போதும் குளத்தை உடைக்க வேண்டியதில்லை. 6 அடி அகலமுள்ள ஒரு பக்கத்தில், 8 அங்குல உயரமுள்ள ஹாலோ பிளாக் கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டிரண்டு அடுக்கி, இரு ஓரத்திலும் நடுவிலுமாக மூன்று கால்கள் அமையுங்கள். அவற்றின்மேல் ஓர் அடி அகலமும் 2 அங்குலக் கனமும் உள்ள கருங்கல் பலகைகள் இரண்டை நீளவாக்கில் கிடத்தினால், தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் ஒரு திட்டு கிடைத்துவிடும். விளிம்புக்கு 2 அங்குலம் குறைவாகக் குளத்தை நிரப்பினால் பலகையின்மேல் 10 அங்குல நீர் நிற்கும். கற்களின் ஓட்டைகள் பக்கவாட்டில் திறந்திருக்கும்படி அடுக்கினால் மீன் குஞ்சுகள் பதுங்க இடம் கிடைக்கும். பலகை ஆடாமல் அமர்ந்திருக்கிறதா என்பதை மட்டும் ஏறி நின்று பார்த்துவிடுங்கள். புதிய சிமெண்டுக் கல்லிலிருந்து சுண்ணாம்பு கரைந்து வரும். நீரின் காரத்தன்மை கூடினால் மீனும் செடியும் தாங்கா. எனவே கற்களை வேறொரு தொட்டியில் இரண்டு மூன்று வாரம் ஊறப்போட்டு, நீரை இரண்டு மூன்று முறை மாற்றிய பிறகே குளத்தில் இறக்குங்கள்.

எந்தப் பக்கம் என்பதும் முக்கியம். காலை வெயில் முழுவதும் விழுந்து, பிற்பகல் 3 மணிக்குமேல் சுற்றுச்சுவரின் நிழலோ மரத்தின் நிழலோ வந்து சேரும் பக்கத்தைத் தேர்ந்தெடுங்கள். குளத்தோரச் செடிகளைப் பற்றிய புத்தகங்களில் பெரும்பாலானவை குளிர்நாடுகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. முழு வெயில் வேண்டும் என்று அவற்றில் சொல்லப்படுவது அந்த ஊர்களின் வெயில். நம் ஊரின் சித்திரை வைகாசிப் பிற்பகலை அதற்கு ஈடாகக் கொள்ளக் கூடாது.

இந்தத் திட்டின்மேல் நேரடியாக மண்ணைக் கொட்டாதீர்கள். கரைந்து குளம் கலங்கிவிடும். 8 அங்குல உயரமுள்ள பிளாஸ்டிக் காய்கறிக் கூடைகளை எடுத்து, உட்புறம் பழைய சாக்கையோ பருத்தித் துணியையோ விரித்து, அதில் களிப்பான மண்ணை நிரப்புங்கள். உங்கள் பகுதியின் சரளைச் செம்மண் தனியாக உதவாது. திருமங்கலம் பக்கத்துக் கரிசல் கிடைத்தால் ஒன்றுக்கு ஒன்று கலந்துகொள்ளலாம். தென்னைநார்க் கழிவு மிதந்து வெளியே வந்துவிடும். பச்சைச் சாணமும் மட்காத உரமும் நீருக்குள் அழுகி, நீரிலுள்ள உயிர்வளியைக் குறைத்து மீன்களைக் கொன்றுவிடும். தொட்டிச் செடிக்கு நல்லது என்று நாம் பழகிய இவ்விரண்டையும் நீர்ச்செடிக்குத் தவிர்ப்பது பலருக்கு மனம் ஒப்பாத காரியம். ஆனால் மீன்களின் கழிவே இந்தச் செடிகளுக்குப் போதிய உரமாகும். மண்ணின்மேல் ஓர் அங்குலத்துக்குச் சிறு ஜல்லி பரப்பினால் மீன்கள் கிளறுவது நின்றுவிடும்.

கண்மாய் வண்டலைப் பயன்படுத்தலாமா என்று பலர் கேட்கிறார்கள். மண் என்ற வகையில் அது மிக நல்லது. ஆனால் அதனுள் கோரைக்கிழங்கு ஒளிந்திருக்கும். கோரைக்கிழங்குக்கும் மணம் உண்டு, குளியல் பொடியில் சேர்ப்போம் என்பதால் இதையே வளர்க்கலாமே என்று தோன்றக்கூடும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். மண்ணுக்கடியில் சங்கிலிபோல் கிழங்கு விட்டுக்கொண்டே போகும் அந்தக் களையைத் தோட்டத்திலிருந்து அப்புறப்படுத்தப் பல ஆண்டுகள் போராடியவர்களை நான் அறிவேன். வண்டல் கிடைத்தால் வெயிலில் நன்றாகக் காயவைத்து, உடைத்துச் சலித்து, கிழங்குகளைப் பொறுக்கிய பிறகு பயன்படுத்துங்கள்.

இனிச் செடிகளுக்கு வருகிறேன். வசம்பை விரும்பியது சரியான தேர்வு. மணமும் நீரோரமும் ஒன்றாகப் பொருந்தும் செடிகளில் நம்மிடம் இருப்பவற்றுள் முதலிடம் அதற்குத்தான். கடையில் வாங்கியது முளைக்காததற்குக் காரணம் மிக எளியது: அது மருந்துக்காக நன்றாக உலர்த்தப்பட்ட கிழங்கு, அதில் உயிர் இல்லை. மூலிகைச் செடிகள் விற்கும் நர்சரியில் பச்சைக் கிழங்கையோ வேரூன்றிய கன்றையோ வாங்க வேண்டும். கிழங்கின் நுனியில் இளஞ்சிவப்போ பச்சையோ கலந்த முளை இருக்கிறதா என்று பாருங்கள். இலையை ஓர் அங்குலம் கிள்ளிக் கசக்கி முகர்ந்தும் பாருங்கள். வாள்போன்ற இலையுள்ள வேறு செடிகளை வசம்பு என்று கொடுத்துவிடுவது உண்டு, அவற்றில் இந்த மணம் வராது. உண்மையான வசம்பிலையின் நடுநரம்பு ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கும், விளிம்பில் ஆங்காங்கே சுருக்கம் தெரியும், கசக்கினால் காரமும் இனிப்பும் கலந்த வாசனை கையில் வெகுநேரம் நிற்கும்.

கிழங்கைக் கூடையில் படுக்கைவாட்டில், முளை மேல்நோக்கி இருக்கும்படி, ஒன்றரை முதல் 2 அங்குல ஆழத்தில் புதையுங்கள். ஒரு கூடைக்கு இரண்டு துண்டு போதும். முதல் மாதம் கூடையின் மண் நீர்மட்டத்தோடு ஒட்டி, சேறாக மட்டும் இருக்கட்டும். அதற்காகக் கூடைக்கு அடியில் ஒரு செங்கல் வையுங்கள். முளைத்து அரையடி வளர்ந்ததும் செங்கல்லை எடுத்துவிட்டால் மண்ணுக்குமேல் 2 அங்குல நீர் நிற்கும். அதுவே அதற்கு உகந்த நிலை. வளர்ந்த வசம்பு 4, 5 அங்குல நீரையும் தாங்கும். இலைகள் இரண்டடி முதல் மூன்றடிவரை உயரும். பூவைத் தேட வேண்டாம். இலைபோன்ற தண்டின் பக்கவாட்டில் விரல்போல ஒட்டிக்கொண்டிருக்கும் அதைப் பலர் கவனிப்பதே இல்லை. இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை கூடையைக் கவிழ்த்து, பழைய கிழங்கை நீக்கி, இளம் நுனிகளை மட்டும் மறுபடி நடுங்கள். மீன்களுக்கு இந்தச் செடியால் தீங்கு இல்லை.

பேரன் வருவான் என்று எழுதியிருப்பதால் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பிள்ளை வளர்ப்பான் என்றும், இரவில் பெயரைச் சொல்லாமல் பேர்சொல்லாதது என்றும் நம் வீடுகளில் மதிக்கப்பட்ட பொருள் வசம்பு. சுட்டுக் கரியாக்கிக் குழந்தையின் நாக்கில் தடவும் வழக்கமும் இருந்தது. ஆனால் இந்திய வசம்பில் மிகுந்துள்ள பீட்டா-அசரோன் என்ற வேதிப்பொருள் விலங்குகளிடம் செய்த ஆய்வுகளில் கட்டிகளை உண்டாக்கியதால், 1968-இல் அமெரிக்கா உணவில் வசம்பு சேர்ப்பதைத் தடை செய்தது. வீட்டுக் குளத்தில் விளைந்தது என்பதற்காக அதைக் குழந்தைக்குக் கொடுக்கவோ நீங்களே மருந்தாக உண்ணவோ வேண்டாம். மணத்துக்கும் அழகுக்கும் வளருங்கள். முற்றிய கிழங்கை உலர்த்தி அரிசிப் பானையிலோ பட்டுத்துணி அடுக்கிலோ பூச்சி வராமலிருக்கப் போட வேண்டுமென்றால், துணி அடுக்கில் மட்டும் போடுங்கள்.

புதினாவுக்கு நீர் வேண்டும், ஆனால் தண்டு நீருக்குள் மூழ்கியிருக்கக் கூடாது. அதே திட்டில் கூடைக்கு அடியில் ஒரு செங்கல் நிரந்தரமாக இருக்கட்டும்; மண்ணின் மேற்பரப்பு நீருக்கு ஓர் அங்குலம் மேலே நிற்கும், அடிமண் எப்போதும் நனைந்திருக்கும். சமையலுக்கு வாங்கும் கட்டிலிருந்து தடித்த தண்டுகளைப் பொறுக்கி, அடியிலைகளைக் கிள்ளி, ஒரு வாரம் தம்ளர் நீரில் வைத்தாலே வேர் விடும். கூடையைத் தாண்டி ஓடும் கொடிகள் நீரின்மேல் படர்ந்து அங்கேயும் வேர் விடும்; அந்த வேர்கள் மீன்கழிவின் சத்தை உறிஞ்சுவதால் பாசி குறையும். பூக்கும்முன் வெட்டிக்கொண்டே இருங்கள். ஐரோப்பாவில் குளத்தோரங்களில் தானாக வளரும் நீர்ப்புதினா என்றோர் இனம் உண்டு. இணையத்தில் அதன் விதையை விற்பவர்களை நம்பிப் பணம் செலவழிக்க வேண்டாம். அது குளிர்ந்த ஊரின் செடி. நம் சந்தைப் புதினா இந்த இடத்துக்குப் போதும்.

ரம்பைச் செடியையும் பரிந்துரைக்கிறேன். பிரியாணி இலைச் செடி என்று சொல்லி நர்சரிகளில் விற்கும் நீண்ட, முள்ளில்லாத, தாழைக் குடும்பத்துச் செடி அது. பாஸ்மதி அரிசிக்கு மணம் தரும் அதே வேதிப்பொருள் இதன் இலையிலும் இருக்கிறது. செடியாக நிற்கும்போது வாசனை அதிகம் தெரியாது. இலையைப் பறித்துச் சற்று வாடவிட்டால், அல்லது சோறு கொதிக்கும்போது ஒன்றை முடிந்து போட்டால், வீடே மணக்கும். புதினாவுக்குச் சொன்ன அதே உயரத்தில், திட்டின் நிழல் மிகுந்த மூலையில் வையுங்கள். இதன் உறவான தாழையை மட்டும் இவ்வளவு சிறிய குளத்துக்குக் கொண்டுவராதீர்கள். ஆண்மரத்தின் மடல்தான் மணக்கும் என்பது ஒருபுறமிருக்க, முள்விளிம்பு இலைகளோடு ஆளுயரத்துக்குமேல் புதராகப் படரும் மரம் அது.

இடம் மிஞ்சினால் பட்டாம்பூச்சி இஞ்சி என்று விற்கும், வெள்ளைப் பூப் பூக்கும் செடியில் ஒன்று வைக்கலாம். அந்திக்குமேல் பரவும் அதன் மணம் மல்லிகைக்கு இளைத்ததல்ல. ஆனால் அது மலையோடையின் செடி. கோடை முழுவதும் 50 சதவீத நிழல்வலை கட்டிக் காப்பாற்ற முடிந்தால் மட்டும் முயலுங்கள்.

வெட்டிவேரை நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். வேரில்தான் மணம் என்பதாலும், அது மண்ணில் 6 அடிக்கும் கீழே இறங்கக்கூடியது என்பதாலும் கூடைக்குள் அடைப்பது அதற்கு நியாயம் செய்வதாகாது. குளத்து நீர் வழிந்து வெளியேறும் குழாயின் வாயில், சுவரிலிருந்து இரண்டடி தள்ளி, நான்கைந்து தூர்களை ஓரடி இடைவெளியில் நடுங்கள். வாரம் ஒருமுறை நீங்கள் மாற்றும் மீன்தண்ணீர் அந்தப் பாத்தியில் பாயட்டும். வெள்ளத்தையும் வறட்சியையும் ஒன்றுபோலத் தாங்கும் புல் அது. கோரைபோலக் கண்ட இடத்தில் பரவாது. ஒன்றரை ஆண்டு கழித்து ஒரு தூரைத் தோண்டி, வேரைக் கழுவி, குடிநீர்ப் பானையில் போட்டுப் பாருங்கள்.

துளசி, மரிக்கொழுந்து, எலுமிச்சம்புல், மல்லிகை ஆகிய எல்லாமே வேரில் நீர் தேங்கினால் நலிபவை. அவற்றை நீரோரச் செடிகள் என்று எண்ணாமல், குளத்திலிருந்து மூன்றடி தள்ளி, தரையிலிருந்து அரையடி உயர்த்திய செம்மண் பாத்தியில் நடுங்கள். குளத்தருகே உட்கார்ந்தால் காற்றில் வாசனை வரும்; அவற்றுக்கும் மூச்சு முட்டாது.

நீரின் அளவைப் பற்றி ஒரு கணக்கு சொல்ல வேண்டும். கோடையில் நம் ஊரில் திறந்த நீர்ப்பரப்பு ஒரு நாளைக்கு அரை சென்டிமீட்டருக்குக் குறையாமல் வற்றும். உங்கள் குளத்தின் பரப்புக்கு அது ஏறக்குறைய 28 லிட்டர், அதாவது இரண்டு குடம். ஒரு வாரம் ஊருக்குப் போய்வந்தால் நீர் ஒன்றரை அங்குலம் இறங்கியிருக்கும். வசம்பு சேற்றில் நிற்கும், புதினாக் கூடையின் மேல்மண் உலரத் தொடங்கும். எனவே கோடையில் இரண்டு நாளுக்கு ஒருமுறை மட்டத்தைச் சரிசெய்யுங்கள். ஆவியாவது நீர் மட்டும்தான், உப்பு குளத்திலேயே தங்கிவிடுகிறது. ஆழ்துளைக் கிணற்று நீரையே மேலும் மேலும் விட்டால் உப்பு ஏறி இலைநுனிகள் பழுப்பாகும். அதனால் வெறுமனே நிரப்புவதோடு நிற்காமல், வாரந்தோறும் ஐந்தில் ஒரு பங்கை வெளியேற்றிப் புதுநீர் விடுங்கள். ஐப்பசி கார்த்திகை மழையில் மொட்டைமாடி நீரைக் குளத்துக்குத் திருப்பிவிட்டால் ஓராண்டு உப்பு ஒரு பருவத்தில் கழுவப்பட்டுவிடும்.

கொசுவைப் பற்றிச் சொல்வதில் உண்மை குறைவு. மணத்தைத் தரும் எண்ணெய் இலையின் நுண்பைகளுக்குள் இருக்கிறது. கசக்கினாலோ உரசினாலோதான் வெளிவரும். சும்மா நிற்கும் செடி கொசுவை விரட்டாது. உங்கள் குளத்தில் அந்த வேலையைக் கப்பிகள் செய்கின்றன. நீங்கள் கவனிக்க வேண்டியது, மீன் எட்ட முடியாத சிறு தேக்கங்கள் உருவாகாமல் பார்ப்பது. கூடை விளிம்புக்கும் சுவருக்கும் இடையே புதினா அடர்ந்து, உள்ளே ஓரங்குல நீர் தனியாக நின்றால் அங்கே கொசுப்புழு வளரும். கூடைகளுக்கிடையே நான்கு விரற்கடை இடைவெளி விடுங்கள். வெளியே வைக்கும் பூந்தொட்டித் தட்டுகளில் நீர் நிற்க விடாதீர்கள், டெங்குவைப் பரப்பும் கொசுவுக்கு அந்தத் தட்டுகள்தான் பிடித்த இடம். பாம்பையும் எந்தச் செடியின் மணமும் தடுக்காது. தவளையும் எலியும் ஒளியும் கற்குவியலும் புதரும் இல்லாமல், குளத்தைச் சுற்றி மூன்றடித் தரை சுத்தமாகத் தெரியும்படி வைத்துக்கொள்வதே வழி.

பேரனைப் பற்றிய கவலையைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், இதைப் படித்து முடித்ததும் முதலில் செய்ய வேண்டிய வேலை அதுவாக இருக்க வேண்டும் என்பதுதான். மூன்று வயதுக் குழந்தைக்கு அரையடி நீரே ஆபத்தானது. உங்கள் குளம் இரண்டரை அடி. மீனும் பூவும் மணமும் அவனை அங்கே இழுக்கும். செடி வாங்கும் முன்பே நான்கடி உயரத்தில் ஏறப் பிடி கிடைக்காத கம்பிவலை வேலி போட்டு, அவன் கைக்கு எட்டாத உயரத்தில் தாழ்ப்பாளுள்ள கதவு வையுங்கள். வேலி முடியும்வரை அவன் வரும் நாட்களில் குளத்தின்மேல் கனத்த இரும்புவலைச் சட்டம் கிடக்கட்டும். வேலி இருந்தாலும் பெரியவர் ஒருவர் அருகில் இல்லாமல் அவனை உள்ளே விடாதீர்கள்.

வேலியையும் திட்டையும் ஆவணிக்குள் முடித்துக்கொண்டு, புரட்டாசி நடுவில் நடவு செய்யுங்கள். வெயில் தணியத் தொடங்கி, மழை வருமுன் வேர் பிடிக்க மூன்று வாரம் கிடைக்கும். முதலில் வசம்பு இரண்டு கூடையும் புதினா ஒரு கூடையும் மட்டும் வையுங்கள். தை பிறந்ததும் அவை நிற்கும் நிலையைப் பார்த்து ரம்பையை வாங்கலாம்.